இரண்டு சுற்றில் முடிவு கட்டாதீர்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68. எம்.டி.எஸ் என்ற ரத்த நோய், தீவிர வகை என்கிறார்கள். அசாசிடிடின் ஊசி இரண்டு சுற்று முடிந்தும் ரத்த அணுக்கள் முன்பைவிடக் குறைவாகத்தான் இருக்கின்றன. அடங்கிப்போன மரபணுக்களை எழுப்பும் மருந்து என்றார் டாக்டர். மரபணு எப்படி அடங்கும்? ஊசியைத் தொடரலாமா? இந்த நோய் பிள்ளைகளான எங்களுக்கும் வருமா?

பதில்: டாக்டரே நிறுத்தச் சொன்னாலொழிய தொடருங்கள். இந்த மருந்து வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் காரணம் விளங்கும்.

நம் செல்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே டி.என்.ஏதான். எந்த மரபணு எங்கே இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் டி.என்.ஏவின் மேலுள்ள வேதி அடையாளங்களுக்கும் பங்குண்டு. மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதி நெருக்கமாக ஒட்டிக்கொண்டால், எழுத்து ஒன்றுகூட மாறாமலே அந்த மரபணு அடங்கிவிடும். எம்.டி.எஸ் நோயாளிகள் பலரிடம், செல் பெருக்கத்துக்குப் பிரேக் போடும் பி15 மரபணு இப்படித்தான் அடங்கிக் கிடக்கிறது. மெத்திலை ஒட்டும், அகற்றும் நொதிகளுக்கான மரபணுக்களிலேயே பிழை விழுவதும் உண்டு.

செல் பிரியும்போது இந்த அடையாளங்களைப் புது இழையிலும் படியெடுக்க ஒரு நொதி இருக்கிறது. அசாசிடிடின், டி.என்.ஏவின் எழுத்துகளில் ஒன்றான சைட்டோசினின் சாயலில் இழைக்குள் நுழைந்து, அந்த நொதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. படியெடுப்பு தடைபடுவதால் அடுத்தடுத்த செல் தலைமுறைகளில் மெத்தில் குறைகிறது. அடங்கிய மரபணுக்கள் சில மீண்டும் இயங்குகின்றன. ஆய்வுக்கூடச் செல்களில் இதை 1980இல் பீட்டர் ஜோன்ஸும் ஷெர்லி டெய்லரும் காட்டினார்கள். எம்.டி.எஸ்ஸுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2004இல்.

செல்கள் பலமுறை பிரிந்தால்தான் பலன் தெரியும். அதனால்தான் பொதுவாக ஆறு சுற்றாவது கொடுத்துப் பார்க்கிறோம். தொடக்கத்தில் அணுக்கள் மேலும் குறைவது நாங்கள் எதிர்பார்ப்பதுதான். ஆனால் அந்த நாட்களில் காய்ச்சலோ ரத்தக்கசிவோ வந்தால் இரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இது நோயை வேரறுக்கும் மருந்தல்ல. நிறுத்தினால் மெத்தில் திரும்ப ஏறும். ஆனாலும் தீவிர எம்.டி.எஸ் நோயாளிகளிடம் நடந்த, 2009இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் ஆயுட்கால நடுமதிப்பு 15 மாதம். அசாசிடிடின் பெற்றவர்களுக்கு 24.5 மாதம். முழுக் குணத்துக்கு வாய்ப்புள்ள ஒரே வழி ஸ்டெம் செல் மாற்று. அப்பாவின் உடல்நிலை அதற்கு இடம் தருமா என்று இப்போதே கேளுங்கள்.

உங்களைப் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையில்லை. இந்த மாற்றங்கள் அப்பாவின் எலும்பு மஜ்ஜையில் வயதுபோக்கில் நேர்ந்தவை. குடும்பவழி எம்.டி.எஸ் அபூர்வம், உறவில் யாருக்காவது இளவயதிலேயே ரத்த நோய் இருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்த சுற்றைத் தேதி தவறாமல் போடுங்கள். அடுத்த மஜ்ஜைப் பரிசோதனை எப்போது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்து பலிக்கிறதா என்று அதைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.