ஃபானோ வடிவங்கள்: வகுத்தலும் வரம்பும்

பல்கிக் கிடப்பனவற்றை இனங்கண்டு வகுத்துரைத்தல் எத்துறை ஆய்வுக்கும் முதற்பணியாகும். இலக்கணம் சொற்களை வகுப்பதுபோல, இயற்கணித வடிவியல் சமன்பாடுகளால் அமையும் வடிவங்களை வகுக்கிறது. ஆயின், இரு வடிவங்களை எந்நிலையில் ஓரினம் எனக் கொள்வது?

வட்டத்தை எடுத்துக்கொள்வோம். 'த' என்னும் எண்ணுக்கு (1−த²)/(1+த²), 2த/(1+த²) என்னும் இரு பின்னங்களை அமைத்தால், ஓரலகு ஆரமுள்ள வட்டத்தின் ஒரு புள்ளி கிடைக்கும். த = 1/2 எனின் அப்புள்ளி (3/5, 4/5). இவ்வாறு நேர்கோடு முழுவதும் வட்டத்தின்மேல் படிகிறது; (−1, 0) என்னும் ஒரு புள்ளி மட்டுமே விடுபடுகிறது. சிறுபகுதி நீங்கலாக, பின்னக்கோவைகளால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று மீளத்தக்க வடிவங்களை ஓரினமாகக் கொள்வதே இருவழி விகிதமுறு வகைப்பாடு.

இவ்வகைப்பாட்டின் அடிப்படைக் கூறுகளுள் ஒன்று, நேர்வளைவு இயல்புடைய ஃபானோ வடிவங்கள். இப்பெயர் இத்தாலியக் கணித அறிஞர் ஜீனோ ஃபானோவால் (1871–1952) வந்தது. யூதரான அவர், 1938-இல் வந்த இனச்சட்டங்களால் டூரின் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார்.

கூர்முனை முதலிய பிறழ்வுகளற்ற ஃபானோ வடிவங்கள், ஒரு பரிமாணத்தில் 1, இரு பரிமாணத்தில் 10, முப்பரிமாணத்தில் 105 குடும்பங்களாக அமைகின்றன. 105-இல் 17 குடும்பங்களை 1970-களின் இறுதியில் இஸ்கோவ்ஸ்கிக் வகுத்தார். எஞ்சியவற்றை 1981-இல் மோரியும் முகாயும் 87 எனப் பட்டியலிட்டனர். விடுபட்ட ஒன்றை 2003-இல் அவர்களே சேர்த்து 88 ஆக்கினர்.

குடும்பங்களை எண்ணியதால் ஓரினக் கேள்வி தீர்ந்துவிடவில்லை. சிக்கலெண் தளத்தில், முதலிரு பரிமாணங்களின் ஃபானோ வடிவங்கள் யாவும் நேர்கோட்டோடும் தளத்தோடும் ஓரினமே. முப்பரிமாணத்தில் அவ்வாறன்று. 1971-இல் இஸ்கோவ்ஸ்கிக்கும் மானினும் நாற்படி வடிவத்திலும், 1972-இல் கிளெமென்சும் கிரிஃபித்சும் முப்படி வடிவத்திலும் அவ்வொப்புமை இல்லையென நிறுவினர்.

பிறழ்வுடையவற்றையும் சேர்த்தால் குடும்பங்கள் எண்ணிறந்து பெருகும். எனினும், பிறழ்வுக்கு ஓர் எல்லை வகுத்துவிட்டால், எப்பரிமாணத்திலும் அவை வரம்புக்குள் அடங்கும் என்று 2016-இல் காச்சர் பிர்கர் மெய்ப்பித்தார். ஈரானின் குர்திஸ்தானில் 1978-இல் பிறந்து, பிரிட்டனில் அகதியாகப் புகலடைந்த அவருக்கு, 2018-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் வழங்கப்பட்டது.

மாணவர்கள் இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். மோரி 1990-இலேயே ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றவர். அத்தகையவரே, 22 ஆண்டுகள் கழித்துத் தம் பட்டியலைத் திருத்தி வெளியிட்டார். முடிந்தது என்று உலகம் ஏற்றுக்கொண்ட பின்னும் மீண்டும் சரிபார்த்தல், ஆய்வாளர்க்குரிய கடனாகும்.