தொடர்மாடி வீட்டின் குறைக்கு யார் பொறுப்பு?

தொடர்மாடி வீடு வாங்குவதை ஒரு முதலீடாகவே நமது வியாபாரிகளில் பலர் கருதுகின்றனர். ஆனால், கட்டடத்தில் குறை தென்பட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலுள்ள மெஸ்கொட் டவர்ஸ் 132 வீடுகளைக் கொண்டது. 2019 ஜூனில் வெடிப்புகள் காணப்பட்டதால் குடியிருந்தோர் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டனர். கட்டி முடித்துப் பத்து வருடங்களளவே ஆகியிருந்தன. எனினும் சட்டபூர்வமான உத்தரவாதக் காலம் கடந்துவிட்டது. குடியிருக்க முடியாத வீட்டுக்கு வங்கித் தவணை, வேறிடத்தில் வாடகை, போதாததற்குத் திருத்த வேலை, பொறியியலாளர், சட்டத்தரணி என்று பெருஞ்செலவு உரிமையாளர் தலையில் விழுந்தது. அப்போது விற்றுத் தப்பவும் வழியிருக்கவில்லை. அதை யார் வாங்குவார்?

2020 இல் அம்மாநில அரசு சட்டமியற்றி, கட்டடம் கட்டுவோர் பிற்கால உரிமையாளர்களுக்கும் பொறுப்புடையோர் என்றாக்கியது. நல்லதுதான். ஆயினும் வழக்குத் தொடரக் கம்பனி இருக்க வேண்டுமே! ஒரு கட்டடத்துக்கென்றே கம்பனி தொடங்கி, விற்றதும் கலைத்துவிடும் தந்திரம் எங்குமுண்டு.

மார்க்கச் சட்டத்தில் இதற்கு 'கியாருல் ஐப்' உண்டு. விற்கும்போதே இருந்த குறை பின்னர் வெளிப்பட்டால், வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். "குறைகளுக்கு நான் பொறுப்பல்ல" என்று விற்பவர் நிபந்தனையிட்டாலும், ஷாபிஈ மத்ஹபின்படி வீடு போன்றவற்றில் அவர் பொறுப்பு நீங்காது. ஆனால் குறையைக் கண்டவர் தாமதியாது உரிமையைக் கோர வேண்டும். வீணே காலங்கடத்தினால் உரிமை போய்விடும். ஆகவே முதல் வெடிப்பைக் கண்ட அன்றே புகைப்படமெடுத்து, விற்றவருக்குப் பதிவுத் தபாலில் எழுத்து மூலம் அறிவியுங்கள்.