ஆங்கிலக் கட்டுரையைப் பாடமாக்கலாமா?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது பிள்ளைகளின் கைகளில் ஆங்கிலக் கட்டுரைக் கொப்பிகள் தென்படத் தொடங்கும். பாடசாலையில் எழுதிக் கொடுத்தவை, ரியூசனில் அச்சடித்துக் கொடுத்தவை, கடையில் வாங்கியவை எனப் பலவகை. "பதினைந்து கட்டுரையைப் பாடமாக்கினால் ஒன்றாவது வரும்" என்பது பிள்ளைகளின் கணக்கு. அந்தக் கணக்கை நம்பிப் பெற்றோரும் காசு கொடுக்கிறார்கள். சொந்தக் காணியை விட்டு வந்து, கூலி வேலையிலும் குத்தகை நிலத்திலும் சீவியம் நடத்தும் குடும்பத்துக்கு அது சிறிய காசல்ல. ஆகவே இந்தக் கணக்குச் சரிதானா என்று நாம் ஆறுதலாகச் சிந்தித்துப் பார்ப்போம்.

பாடமாக்குவது பிழையா?

பிழையல்ல. வாய்ப்பாட்டையும் ஆத்திசூடியையும் நாம் பாடமாக்கித்தான் கற்றோம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் வெளியேறியபோதும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியில் ஊர் ஊராக ஓடியபோதும், பிள்ளைகளின் கொப்பியும் புத்தகமும் வழியிலே போயின. மனதில் பதிந்தது மட்டும் கூட வந்தது. எனவே பாடமாக்குவதை நாம் இழிவாகப் பேசக் கூடாது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது எந்தப் பரீட்சையிலும் ஐம்பத்தாறுதான். கட்டுரை வினாவோ ஒவ்வொரு வருடமும் மாறும். மாறாததைப் பாடமாக்கினால் உதவும். மாறுவதை முழுதாகப் பாடமாக்கினால் காலை வாரிவிடும்.

வினா எப்படி வருகிறது?

ஆங்கில வினாத்தாளின் இரண்டாம் பகுதியில் சுமார் 200 சொற்களில் ஒன்றை எழுதும்படி கேட்கப்படும். கடிதம், சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை, பேச்சு, தொடக்கம் தரப்பட்ட கதை போன்றவற்றில் ஒன்றைப் பிள்ளை தெரிவு செய்யலாம்.

ஒரு பிள்ளை "மரங்களின் பயன்" என்ற கட்டுரையைப் பாடமாக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாடசாலையில் மரம் நடும் நாளுக்குச் சக மாணவரை அழைத்துக் காலைக் கூட்டத்தில் பேசும் பேச்சை எழுதும்படி வினா வருகிறது. மரம் என்ற சொல்லைக் கண்டதும் பிள்ளை பாடமாக்கியதை அப்படியே எழுதிவிடுகிறது. அதில் சபைக்கு வணக்கம் இல்லை. என்றைக்கு, எங்கே நடுவது என்பதும் இல்லை. வாருங்கள் என்ற அழைப்பும் இல்லை. வசனங்கள் திறமாக இருந்தாலும் கேட்டதற்கு விடை இல்லாதபடியால் பொருளுக்கான புள்ளி குறையும். தொடக்கம் தரப்பட்ட கதைக்கோ பாடமாக்கிய கதை பொருந்தவே மாட்டாது.

இன்னுமொரு இடர் உண்டு. விளங்காமல் பாடமாக்கியது சங்கிலி போன்றது. பரீட்சை மண்டபத்தில் ஒரு சொல் மறந்தால் அதற்குப் பின்னால் உள்ளது எல்லாம் அறுந்துவிடும்.

சோறும் விதைநெல்லும்

முழுக் கட்டுரையைப் பாடமாக்குவது ஒரு நேரச் சோற்றை இரவல் வாங்குவது போன்றது. உண்டால் முடிந்துவிடும். சிறு வசனங்களை விளங்கிப் பாடமாக்குவது விதைநெல் சேர்ப்பது போன்றது. காலபோகத்துக்கும் உதவும், சிறுபோகத்துக்கும் உதவும். அப்படியானால் எவை விதைநெல்?

1. அமைப்பு. கடிதத்தில் முகவரி, திகதி, விளிப்பு, முடிவு எங்கே வரும் என்பது. "டியர் சேர்" என்று தொடங்கும் கடிதம் "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி" என்று முடியும். இது மாறாது.

2. வசனச் சட்டங்கள். "வீ ஷுட்" என்ற ஒரு சட்டத்தை எடுங்கள். "வீ ஷுட் சேவ் வோட்டர்", "வீ ஷுட் பிளாண்ட் ட்ரீஸ்", "வீ ஷுட் ஹெல்ப் அவர் பேரன்ட்ஸ்" என்று ஒரே சட்டம் பல தலைப்புக்கு உதவும். இப்படிப் பத்துச் சட்டங்கள் போதும்.

3. இணைப்புச் சொற்கள். "ஃபெர்ஸ்ட்", "தென்", "பிகோஸ்", "பட்", "ஃபைனலி" போன்றவை.

4. இறந்தகால வினைகள். "கோ" என்பது "வென்ட்" ஆகும். "சீ" என்பது "சோ" ஆகும். இப்படி முப்பது வினைகள் தெரிந்தால் கதை எழுதலாம்.

5. சொந்தப் பந்திகள். எனது குடும்பம், எனது ஊர், எனது பாடசாலை, நடந்த ஒரு சம்பவம், ஊரில் உள்ள ஒரு பிரச்சினையும் தீர்வும், எனக்கு விருப்பமானது என ஆறு தலைப்புகளில் ஐந்து ஐந்து வசனம் பிள்ளை தானே எழுதட்டும். ஆசிரியர் திருத்திய பின் அவற்றைப் பாடமாக்கலாம்.

வெங்காயத் தோட்டம், கிணறு, ஆடு, குளக்கட்டு எல்லாம் நல்ல கட்டுரைப் பொருள்களே. அறிந்ததை எழுதும் பிள்ளைக்கு வசனம் தடைப்படாது. ஆனால் இடம்பெயர்ந்த நாட்களைப் பற்றி எழுத விரும்பாத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம்.

ஆங்கிலம் தெரியாத பெற்றோர் என்ன செய்யலாம்?

பிள்ளை பாடமாக்கிய ஒரு பந்தியை உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் அது விளங்கிப் படித்தது. முடியாவிட்டால் அது கிளிப்பிள்ளைப் பாடம். அடுத்ததாக, "எனது ஊர்" பந்தியில் ஊரின் பெயரையும் பயிரின் பெயரையும் மாற்றி எழுதச் சொல்லுங்கள். மாற்றத் தெரிந்த பிள்ளை புதிய வினாவுக்கும் பயப்படாது. அடுப்படியில் இருந்துகொண்டே ஒரு தாய் இந்தச் சோதனையைச் செய்யலாம்.

கட்டுரைப் புத்தகம் வாங்குவதற்கு முன் வீட்டில் உள்ள பாடநூலைத் திறந்து பாருங்கள். 1980 முதல் அரசாங்கம் பாடநூல்களை இலவசமாக வழங்கி வருகிறது. கடிதத்துக்கும் உரையாடலுக்கும் விவரணத்துக்கும் அதில் மாதிரிகள் உண்டு. புத்தகம் தொலைந்திருந்தால் அதிபரிடம் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

பரீட்சைக்கு இரண்டு மாதமே இருந்தால்?

படிப்புத் தடைப்பட்ட பிள்ளைகளுக்கு இதுவே பெரிய கேள்வி. சாதாரண சித்திக்கு 35 புள்ளி வேண்டும். கட்டுரை வினாத்தாளின் ஒரு பங்கு மட்டுமே. பந்தியை வாசித்து விடையளித்தல், பொருத்தமான சொல்லை இடுதல், சிறு குறிப்பு எழுதுதல் ஆகியவற்றிலும் புள்ளி உண்டு. பதினைந்து கட்டுரைகளோடு மாரடிக்கும் பிள்ளைக்கு இவற்றைப் பழக நேரம் இராது. எனவே தினமும் அரை மணி நேரம் பழைய வினாத்தாள் செய்யட்டும். இன்னும் அரை மணி நேரம் ஐந்து வசனம் எழுதட்டும். பிழை வந்தாலும் பரவாயில்லை. எழுதாத பிள்ளையின் பிழையை எவராலும் திருத்த முடியாது.

பரீட்சை ஒரு நாளில் முடிந்துவிடும். வேலைக்கு விண்ணப்பம் எழுதவும், மருந்துப் போத்தலில் உள்ளதை வாசிக்கவும் ஆங்கிலம் பிறகும் தேவைப்படும். அங்கே கைகொடுப்பது பிள்ளை தானாக ஆக்கப் பழகிய வசனமே.

கலந்துரையாடலுக்கு

1. எமது பிள்ளைகள் இந்த மாதம் எதைப் பாடமாக்கினார்கள்? அதைத் தமிழில் சொல்ல அவர்களால் முடியுமா?

2. எமது முகாமில் அல்லது கிராமத்தில், பிள்ளைகள் எழுதும் ஐந்து வசனங்களைத் திருத்தித் தரக்கூடியவர் யார்?

3. கட்டுரைப் புத்தகத்துக்குச் செலவிடும் காசை நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வேறு எந்த விதமாகப் பயன்படுத்தலாம்?