எத்தனை பாத்ஃபைண்டர்கள்!

மாணவர்களே, ‘பாத்ஃபைண்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே பார்த்திருக்கிறீர்கள்? கார் பிரியர்கள் நிஸ்ஸான் வண்டியைச் சொல்வீர்கள். கதை படிப்பவர்களுக்கு 1840இல் வெளிவந்த ஓர் அமெரிக்க நாவல் நினைவுக்கு வரலாம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படை 1942ஆம் ஆண்டு ஒரு தனிப்பிரிவுக்கு இந்தப் பெயரை வைத்தது. இருட்டில் மற்ற விமானங்களுக்கு முன்னால் பறந்து, ஒளிக்குண்டுகளைப் போட்டு இலக்கைக் காட்டுவதுதான் அந்தப் பிரிவின் வேலை.

பாத்ஃபைண்டர் என்றால் வழி கண்டுபிடிப்பவர். பின்னால் வருகிறவர்களுக்காக முன்னால் போய், எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று பார்த்துச் சொல்பவர். விண்வெளி ஆய்வாளர்களுக்கு இந்தப் பெயர்மேல் தனி ஆசை. ஒரு பெரிய, விலையுயர்ந்த திட்டத்தில் இறங்குமுன், அது நடக்குமா என்று பார்க்கச் செய்யும் முன்னோட்டத்துக்குத் திரும்பத் திரும்ப இதையே சூட்டுகிறார்கள்.

அவற்றில் ஒன்று பறக்கவே இல்லை. 1977இல் நாசா எஃகையும் மரத்தையும் கொண்டு விண்வெளி ஓடத்தின் அளவிலேயே ஒரு மாதிரியைச் செய்தது. எடை சுமார் 75 டன். பாரந்தூக்கி அதைத் தாங்குமா, சாலை வளைவில் இறக்கை இடிக்குமா, கட்டடத்துக்குள் நுழையுமா என்று பார்க்க உண்மையான ஓடத்தைப் பணயம் வைக்க யாருக்கு மனம் வரும்? அதனால் இந்த மர ஓடத்தை இழுத்துக்கொண்டு அலைந்தார்கள். பாத்ஃபைண்டர் என்ற பெயர் அதற்குப் பிறகுதான் கிடைத்தது. இப்போது அது அலபாமா மாநிலத்தின் ஹண்ட்ஸ்வில் நகரில் காட்சிக்கு நிற்கிறது.

ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில், தலா 12 மீட்டர் விட்டமுள்ள 36 வானொலி அலைவாங்கிகள் கொண்ட ஒரு பாத்ஃபைண்டர் இருக்கிறது. அதைவிடப் பன்மடங்கு பெரிய தொலைநோக்கி ஒன்றுக்கு அது முன்னோடி. 2015 டிசம்பரில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஏவிய ‘லீசா பாத்ஃபைண்டர்’ கலத்தினுள், தங்கமும் பிளாட்டினமும் கலந்த இரண்டு கனசதுரங்கள் எதையும் தொடாமல் மிதந்தன. ஒவ்வொன்றும் சுமார் 2 கிலோ. ஈர்ப்பலைகளை விண்வெளியிலிருந்து அளக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்று தெரிந்தது. அதன் பிறகுதான் ஒன்றுக்கொன்று 25 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கப்போகும் மூன்று கலங்களைக் கட்டும் திட்டத்துக்கு 2024இல் ஒப்புதல் கிடைத்தது.

1997 ஜூலை மாதம் சுவையானது. 7ஆம் தேதி, சூரிய ஒளியில் ஓடும் பாத்ஃபைண்டர் என்ற ஆளில்லா விமானம் ஹவாய்த் தீவுகளின் மேல் சுமார் 21,800 மீட்டர் உயரத்தைத் தொட்டது. நாம் பயணம் செய்யும் விமானங்கள் பறக்கும் உயரத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் அந்த வாரம் உலகம் வேறொரு பாத்ஃபைண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று நாள் முன்பு, ஜூலை 4ஆம் தேதி, அது செவ்வாயில் இறங்கியிருந்தது. இந்த வாரம் நாம் விரிவாகப் பார்க்கப்போவது அதைத்தான். காரணம், அதற்கு வந்த ஒரு கோளாறு.

முதலில் அது இறங்கிய விதம். வான்குடை விரிந்து வேகத்தைக் குறைத்தது. கடைசி நேரத்தில் சிறு ராக்கெட்டுகள் எரிந்தன. கலத்தைச் சுற்றிக் காற்றுப்பைகள் உப்பின. அப்படியே பந்துபோல விழுந்து, குறைந்தது 15 முறை எகிறிக் குதித்து, உருண்டு நின்றது. மலிவாகவும் விரைவாகவும் செவ்வாயில் இறங்க முடியுமா என்று காட்டவே இந்தப் பயணம். வழி சரிதான் என்று தெரிந்ததால், 2004இல் ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஆகிய இரண்டு ஊர்திகளும் காற்றுப்பைகளோடுதான் இறங்கின.

கலத்திலிருந்து சோஜர்னர் என்ற ஆறு சக்கர ஊர்தி வெளியே வந்தது. எடை சுமார் 10.5 கிலோ. வேற்றுக் கோளொன்றில் ஓடிய முதல் ஊர்தி அதுவே. வேகம் விநாடிக்கு 1 சென்டிமீட்டர். நத்தையைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை! பூமியிலிருந்து அதை நேரடியாக ஓட்ட முடியாது. வானொலிச் செய்தி போய்ச் சேரவே 10 நிமிடத்துக்கு மேல் ஆகும். பொறியாளர்கள் படத்தைப் பார்த்து எங்கே போக வேண்டும் என்று புள்ளி வைப்பார்கள். இடையில் கல் குறுக்கிட்டால் லேசர் கோடுகளின் உதவியால் ஊர்தியே விலகிப் போகும்.

தரையிறங்கிய சில நாளில், வானிலைத் தகவல் சேகரிக்கத் தொடங்கிய பிறகு, தாய்க்கலத்தின் கணினி திடீர் திடீரென்று தன்னைத்தானே நிறுத்தி, மறுபடி தொடங்கிக்கொண்டது. சேர்த்த தகவல் அழியவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அன்றைய மிச்ச வேலை மறுநாளுக்குத் தள்ளிப் போனது. 30 நாள் மட்டுமே உழைக்கும் என்று திட்டமிட்ட கலத்துக்கு ஒரு நாள் என்பது பெரிய இழப்பு. போய்ப் பழுது பார்க்க ஆள் அனுப்பவும் முடியாது.

என்ன நடந்தது என்று புரிய, உங்கள் பள்ளிச் சபைகூடலுக்கு வாருங்கள். மேடையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்கலாம். பெரியவர் வந்தால் சிறியவர் இறங்கி இடம் விட வேண்டும். மைக் ஒன்றுதான். மைக்கைப் பிடித்தவர் தன் வேலை முடியும் வரை அதை யாரிடமும் கொடுக்கக் கூடாது. பாதியில் கொடுத்தால் அறிவிப்பு குழம்பிவிடும் அல்லவா?

படிவம் 1 மாணவி மைக்கைப் பிடித்து வானிலை அறிக்கை வாசிக்கிறாள். பள்ளி முதல்வர் வருகிறார். அவள் மைக்கோடு இறங்கி நிற்கிறாள். முதல்வருக்கு மைக் வேண்டும். அது அவளிடம் இருக்கிறது. ‘சரி, முடித்துவிட்டுக் கொடு’ என்று அவர் ஓரமாக நிற்கிறார். அவள் மறுபடி மேடையேறி இரண்டு வரி வாசிப்பதற்குள் கட்டொழுங்கு ஆசிரியர் வந்துவிடுகிறார். அவருக்கு மைக்கே தேவையில்லை, குரல் அப்படி! அவர் அவளைவிடப் பெரியவர். அதனால் அவள் மறுபடி இறங்குகிறாள். அவர் பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார்.

இப்போது கவனியுங்கள். முதல்வர் மைக்குக்காகக் காத்திருக்கிறார். மைக் வைத்திருக்கும் மாணவி மேடைக்காகக் காத்திருக்கிறாள். மேடையிலோ முதல்வரைவிடச் சிறிய பதவியில் உள்ளவர். ஒவ்வொருவரும் விதியைச் சரியாகத்தான் பின்பற்றினார்கள். ஆனாலும் நடுவில் இருப்பவர் தலைவரையே நிறுத்தி வைத்துவிட்டார்! கணினியியலில் இதை முன்னுரிமை தலைகீழாதல் என்கிறார்கள்.

மண்டபத்தில் ஒரு காவலரும் இருக்கிறார். ‘குறித்த நேரத்துக்குள் முதல்வர் பேசவில்லை என்றால் ஏதோ விபரீதம், மணியை அடித்து எல்லாரையும் வெளியேற்றி, சபைகூடலை முதலிலிருந்து தொடங்கு’ என்பது அவருக்கு இட்ட கட்டளை. அவர் மணியை அடிக்கிறார்.

செவ்வாயில் அச்சு அசலாக இதுதான் நடந்தது. மேடைதான் கணினியின் செயலி. மைக், பொதுத் தகவலைக் காக்கும் மென்பொருள் பூட்டு. மாணவி, எப்போதாவது ஓடும் வானிலை நிரல். முதல்வர், கலத்தின் உறுப்புகளுக்கிடையே தகவலைக் கடத்தும் மிக முக்கியமான நிரல். கட்டொழுங்கு ஆசிரியரின் இடத்தில் நடுத்தர முன்னுரிமை கொண்ட தகவல்தொடர்பு நிரல்கள். காவலர், கணினியின் காவல் கடிகாரம்.

பூமியில், ஆய்வுக்கூடத்தில் இருந்த அதே போன்ற கணினியை ஓடவிட்டுப் பொறியாளர்கள் கோளாறைத் திரும்ப வரவழைத்தார்கள். ஒரு செய்தியை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை: கலத்தை ஏவுவதற்கு முந்திய சோதனைகளிலேயே இது ஓரிரு முறை தலைகாட்டியது. திரும்ப வரவழைக்க முடியாததால் வன்பொருளின் சிறு தடங்கலாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். அவர்களுடைய கவனம் முழுவதும் தரையிறங்கும் மென்பொருளில் இருந்தது. குறை சொல்வது எளிது. நாமும் அப்படித்தான் செய்திருப்போம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தீர்வு? முதல்வர் மைக்குக்காக நிற்கத் தொடங்கிய அந்தக் கணமே, மைக் வைத்திருக்கும் மாணவிக்கு முதல்வரின் தகுதியைத் தற்காலிகமாகக் கொடுத்துவிடுங்கள். இனி கட்டொழுங்கு ஆசிரியரால் அவளை இறக்க முடியாது. அவள் அரை நிமிடத்தில் வாசித்து முடித்து மைக்கை நீட்டுவாள். கொடுத்ததும் அவள் பழையபடி படிவம் 1 மாணவி. முதல்வர் பேசுவார். அவருக்குப் பிறகு ஆசிரியர் எவ்வளவு நேரம் பேசினாலும் மணி அடிக்காது.

இந்த வழியைக் கணக்கு முறைப்படி நிறுவி லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோட்ஸ்கி ஆகிய மூவர் 1990இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். செவ்வாய்க் கலத்தின் மென்பொருளிலும் இந்த வசதி இருந்தது! ஆனால் அந்தக் குறிப்பிட்ட பூட்டுக்கு மட்டும் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பிழைதிருத்தும் கருவி ஒன்றைக் கலத்தின் கணினியிலேயே விட்டு வைத்திருந்ததால், பொறியாளர்கள் ஒரு சிறு நிரலைப் பூமியிலிருந்து அனுப்பி ‘இல்லை’ என்றிருந்ததை ‘ஆம்’ என்று மாற்றினார்கள். மணி அடிப்பது நின்றது. கலம் 30 நாளைத் தாண்டி, செப்டம்பர் 27 வரை பேசிக்கொண்டிருந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் நடந்த ஒரு மாநாட்டில், மென்பொருளைத் தந்த நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் டேவிட் வில்னர் இந்தக் கதையைச் சொன்னார். கட்டுரை எழுதிய மூவரும் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை எழுந்து நிற்கச் சொன்னபோது அரங்கம் ஆரவாரம் செய்தது. தாளும் பேனாவுமாக வேலை செய்கிறவர்களுக்கு அப்படியொரு கைதட்டல் அபூர்வம்.

நீங்கள் யோசிக்க ஒரு கேள்வி. சபைகூடலில் இப்போது ஒரு மைக்கும், அறிவிப்புகள் எழுதிய ஒரு கோப்பும் இருக்கின்றன. மாணவியிடம் மைக் இருக்கிறது, கோப்பு வேண்டும். முதல்வரிடம் கோப்பு இருக்கிறது, மைக் வேண்டும். இருவரும் கையில் உள்ளதை விட மாட்டார்கள். முதல்வரின் தகுதியை மாணவிக்குக் கொடுத்தால் சிக்கல் தீருமா? தீராது என்றால், யார் எதை எப்போது எடுக்கலாம் என்று எப்படி விதி போடுவீர்கள்? அந்த 1990 கட்டுரையில் இதற்கும் ஒரு வழி இருக்கிறது. முதலில் நீங்கள் தாளில் வரைந்து பாருங்கள்.