எலிக்காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும்

இம்முறை நாம் படிக்கப்போவது எலிக்காய்ச்சல் பற்றி. சிங்களத்தில் 'மீ உண' என்பார்கள். 2008ஆம் ஆண்டு நம் நாட்டில் 7,000 பேருக்கு மேல் இக்காய்ச்சல் கண்டதாக அறிவிக்கப்பட்டது. 200 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இது வயல்காரர்களின் நோய் என்று நம்மவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் இரத்தினபுரி, கேகாலை, களுத்துறைப் பக்கம் தேயிலையும் இறப்பரும் வயலும் அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன. பின்னேரத்தில் கைக்காசுக்கு வயலில் இறங்குகிறவர்களும் நம்மவர்கள்தான், காண் வெட்டுகிறவர்களும் நம்மவர்கள்தான்.

எலி கடித்தால் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. லெப்டோஸ்பைரா என்ற பக்டீரியா எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். எலிக்கு ஒன்றும் ஆகாது. எலியின் சிறுநீரோடு வெளியே வந்து, சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மாடு, பன்றி, நாயின் சிறுநீரிலும் இருக்கலாம். காலில் கல் கிழித்த காயம், அட்டை கடித்துச் சொறிந்த புண், சேற்றுப்புண், இவையெல்லாம் அதற்கு வாசல். கண், மூக்கு, வாய் வழியாகவும் போகும். ஆளுக்கு ஆள் தொற்றுவது மிக அரிது. ஆகவே நோயாளியின் தட்டு, கோப்பையைத் தனியே ஒதுக்கி அவர் மனதை நோகடிக்க வேண்டாம்.

கிருமி புகுந்து பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் திடீரென்று அடிக்கும். நடுக்கம், தலையிடி, வாந்தி இருக்கும். கண் சிவக்கும், ஆனால் பீளை தள்ளாது. முக்கியமான அடையாளம் கெண்டைக்கால் வலி. இங்கேதான் நம் பெண்கள் ஏமாறுகிறார்கள். நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து எடுக்கிறவர்களுக்குக் கால்வலி புதிதா? எண்ணெய் தேய்த்து, ரெண்டு பனடோல் போட்டுக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். வேலைவலி படுத்து எழும்பினால் குறையும். இது காய்ச்சலோடு சேர்ந்து வரும், விரலால் அமுக்கினாலே தாங்க முடியாது.

இன்னும் சிலர் கண் மஞ்சளாகட்டும் பார்ப்போம் என்று இருப்பார்கள். இந்நோய் கண்டவர்களில் அநேகருக்கு மஞ்சள் வருவதே இல்லை. வந்தால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம். ஒன்றுக்குப் போவது குறைந்தால், மூச்சு வாங்கினால், இருமும்போது இரத்தம் கண்டால், அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சிறுநீரகமும் நுரையீரலும் பழுதாகின்றன என்பதற்கு அவை அடையாளம்.

"ரெண்டு நாள் பேர் போனா சம்பளத்துல வெட்டு விழுமே" என்று லயங்களில் கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் ஆரம்பத்தில் மருந்து தொடங்கினால் பெரும்பாலும் குணமாகும். சிறுநீரகம் பழுதானால் வாரக்கணக்கில் பேர் போகும்.

ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகம், டொக்டர் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லுங்கள்: "போன வாரம் காணுக்குள்ள இறங்கினேன், கால்ல புண் இருந்திச்சு" என்று. முதல் சில நாளில் இரத்தப் பரிசோதனையிலும் நோய் பிடிபடாமல் போகலாம். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் டொக்டர் பெனிசிலின் அல்லது டொக்சிசைக்கிளின் தொடங்குவார். டெங்குவும் இதே மாதிரிதான் தொடங்கும் என்பதால் கடையில் வேறு வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

வயலிலும் காணிலும் இறங்குகிறவர்களுக்கு வாரம் ஒரு முறை போடும் தடுப்பு மாத்திரை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் இலவசமாகக் கிடைக்கும். வேலை தொடங்குமுன் போய்க் கேளுங்கள். சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். கர்ப்பிணி என்றால் முதலில் சொல்லிவிடுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு உங்கள் பங்கை உடைத்துக் கொடுக்க வேண்டாம்.