நோவு இல்லாத எரிகாயம்

அடுப்பும் படுக்கையும் ஒரே கொட்டிலுக்குள் இருக்கும்போது கஞ்சிப் பானை சரிவதும் குப்பி விளக்கு தட்டுப்படுவதும் எளிது. யாருக்காவது சுட்டுவிட்டால், "நோகிறதா?" என்றே நாம் முதலில் கேட்கிறோம். நோவு இல்லை என்றால் ஆறுதலடைகிறோம். இது தவறு. எரிகாயத்தை அதன் ஆழத்தைக் கொண்டே அளக்க வேண்டும்.

முதலாம் படி: மேற்தோல் மட்டும் சிவந்து எரியும். கொப்புளம் வராது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் மாறிவிடும்.

இரண்டாம் படி: உட்தோலும் பாதிக்கப்படும். கொப்புளம் எழும், கடுமையாக நோகும்.

மூன்றாம் படி: தோலின் முழு ஆழமும் வெந்துவிடும். வெள்ளையாகவோ கருகியோ, பதனிட்ட தோல்போல் விறைத்திருக்கும். நரம்பு நுனிகளும் அழிவதால் அவ்விடத்தில் நோவு தெரியாது. இதுவே மிகப் பெரிய ஆபத்து.

எந்தக் காயமாயினும் உடனே 20 நிமிடம் சுத்தமான தண்ணீரை ஊற்றுவோம். சிறுபிள்ளையாயின் மற்ற உடம்பைப் போர்த்தி வைப்போம். வீங்குமுன் காப்பு, மோதிரத்தைக் கழற்றுவோம். பற்பசை, எண்ணெய், ஐஸ் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடுவோம்.

மூன்றாம் படிக் காயம், காயப்பட்டவரின் உள்ளங்கையிலும் பெரிய கொப்புளக் காயம், முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் பட்ட காயம், சிறுபிள்ளைகளின் காயம் ஆகியவற்றுக்குத் தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போவோம். பிள்ளை அழவில்லை என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

கலந்துரையாட: நமது கொட்டிலில் அடுப்பையும் விளக்கையும் எங்கே வைத்தால் பிள்ளைகளுக்கு எட்டாது?