தைலமும் பயிற்சியும் – பிசியோதெரபி பற்றித் தெரிந்து கொள்வோம்

நம்மில் பலர் வீட்டில் அப்பாவோ அக்காவோ ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் கம்பெனிக்குப் போகிறார்கள். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கேட்பது, "கொஞ்சம் தோளைப் பிடிச்சு விடுடா!" பிடிச்சு விட்டால் உடம்புக்குள் என்ன நடக்குது? அது மட்டும் போதுமா?

நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, கீழே இறங்கிய இரத்தத்தை இதயத்துக்குத் தள்ளிவிடும். லைனில் ஒரே இடத்தில் 8 மணி நேரம் நின்றால் அந்தப் பம்பு சரியாக ஓடாது. கால் கனத்து வீங்கும். கையைத் தூக்கியபடியே ஸ்குரூ முடுக்குபவருக்குத் தோள் தசை இறுகியே இருக்கும். இறுகிய தசைக்குள் இரத்தம் நன்றாகப் பாயாது. அதுதான் வலி.

நீவி விட்டால் தசை தளரும், வலி குறையும், தூக்கமும் நன்றாக வரும். ஆனால் "லாக்டிக் அமிலம் வெளியேறுது" என்பது சரியில்லை. ஓடி முடித்த ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உடம்பே அதைச் சரிசெய்துவிடும். (பி.டி. சார் மன்னிக்கவும்!)

மசாஜால் முடியாத வேலை, தசைக்குப் பலம் கொடுப்பது. ஆறு வாரம் மாவுக்கட்டில் இருந்த காலைப் பார்த்திருக்கிறீர்களா? சூம்பிப் போயிருக்கும், முட்டி மடங்காது. எத்தனை பாட்டில் தைலம் தேய்த்தாலும் அந்தத் தசை வளராது. அது வேலை செய்தால்தான் வளரும். இன்றைக்கு எவ்வளவு மடக்கலாம், எப்போது காலை ஊன்றலாம் என்று அளந்து அளந்து கூட்டுவதே பிசியோதெரபி. தமிழில் இயன்முறை மருத்துவம்.

நம்ம ஊரில் பலர் வலி குறைந்ததும் பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள். லீவு போட்டால் சம்பளம் போகுமே என்ற பயம். பயம் நியாயம்தான். ஆனால் பாதியில் விட்ட முட்டி அப்படியே விறைத்துப் போகலாம். இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு அதன் மருத்துவமனைகளில் பிசியோதெரபிக்குத் தனிக் கட்டணம் கிடையாது. வேலையில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, சம்பளத்தில் சுமார் 90 சதவீதமும் உண்டு. இதை வீட்டில் கட்டாயம் சொல்லுங்கள்.

நம்ம பெங்களூர் ரோட்டிலேயே மேற்கே போனால் வேலூர் வரும். அங்கே சி.எம்.சி.யில் இருந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் சிக்கினார். இடுப்புக்குக் கீழே இயக்கம் போய்விட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்! பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் உருவானது. 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் கால்கள் கடைசிவரை நடக்கவில்லை. மிச்சமிருந்த கை பலத்திலேயே இவ்வளவும் செய்தார்.

கைவைக்கக் கூடாத இடங்களும் உண்டு. புதுசாகச் சுளுக்கிய காலை முதல் இரண்டு நாள் உருவக் கூடாது, வீக்கம் ஏறும். துணியில் சுற்றிய ஐஸை வைத்து, காலை உயர்த்தி வைக்கணும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாக வலித்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அமுக்கினால் கட்டி நுரையீரலுக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. முதுகு வலியோடு கால் மரத்தாலோ சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ தைலத்தை மூடி வைத்துவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.